முன் ஷாஃப்ட்டில் இருந்த சிவப்பு

ஜனவரி 19, ஞாயிறு

இன்று கே.ஜி.கண்டிகைப் பாறைமேட்டில் இருந்தவர்கள்: நான், மருமகள் தமயந்தி, பேத்தி மோனிஷா, போட்டி நடத்திய அரக்கோணத்து மொபைல் கடைச் சடகோபன், டீ கொண்டுவந்த பெருமாள். இன்னும் பேர் தெரியாத பிள்ளைகள், ஆளுக்கொரு ரிமோட் வண்டியோடு. அவர்களை விடு. இந்த நாலு முகமும் எனக்குச் சாகிறவரை மறக்காது.

மோனிஷாவின் வண்டி முழங்கை நீளம்தான். வேகமாக ஓடுகிற வண்டி இல்லை. பல்லி மாதிரி பாறையில் மெல்ல ஏறுகிற வண்டி. கடைசிப் பாறையில் பாதி ஏறியதும் முன் சக்கரம் செத்துப்போனது. பின் சக்கரம் மட்டும் சுற்றியது. வண்டி மல்லாந்து விழுந்தது. எடுத்துப் பார்த்தால் அடியில், முன் சக்கரத்தைச் சுற்றவைக்கிற கம்பி, முன் ஷாஃப்ட், தொங்குகிறது. அதைப் பிடித்திருக்கிற ஸ்க்ரூவைக் காணோம்.

"என்னா ஆயா, கொடலு தொங்குது?" என்று பெருமாள் சிரித்தான்.

மோனிஷா என்னைப் பார்க்கவில்லை. சடகோபனிடம் சொன்னாள்: "ஆயாதான் முடுக்கிச்சு மாமா. கண்ணு சரியாத் தெரியல அதுக்கு."

அதுக்கு!

ஜனவரி 20, திங்கள்

நான் என்ன செய்தேன் என்று எழுதிப் பார்க்கிறேன்.

சனிக்கிழமை காலை. ஸ்க்ரூவின் மரையை எண்ணெய்ப் பிசுக்குப் போகத் துடைத்தேன். ஸ்க்ரூ கழலாமல் பிடிக்கிற நீலப் பசை ஒரு சொட்டு விட்டேன். ஆலன் கீ போட்டு இதற்குமேல் திரும்பாது என்கிறவரை முடுக்கினேன். பசை இறுகணும், நாளைக்குவரை தொடாதே என்று மோனிஷாவிடம் சொன்னேன். பிறகு என் அடையாளம்: ஸ்க்ரூத் தலையிலிருந்து ஜாயிண்ட் வரைக்கும் சிவப்பு நெயில் பாலிஷில் ஒரு கோடு. ஸ்க்ரூ தளர்ந்தால் கோடு உடையும். பார்த்ததுமே தெரிந்துவிடும்.

போட்டிக்கு முன்னால் வண்டியைக் கவிழ்த்துப் பார்த்தேனே. முன்னாலும் சிவப்பு, பின்னாலும் சிவப்பு. பார்த்தேனா? பார்த்தேன்.

இல்லை, நிஜமாகவே கண் போய்விட்டதா?

ஜனவரி 22, புதன்

வண்டிப் பக்கம் வராதே என்கிறாள் மோனிஷா. "நானே பாத்துக்கறேன் ஆயா, நீ ரெஸ்ட் எடு." ரெஸ்ட்டாம். என் வீட்டுக்காரர் போன பிறகு இந்த வீட்டில் என்னைக் கூப்பிட்டு, இது சரியா இருக்குதா பாரு என்று கேட்டது இந்த ஒரு வேலைக்குத்தான். அதுவும் போச்சு.

ஜனவரி 24, வெள்ளி

மோனிஷா வேலைக்கு மெட்ராஸ் ரயில் ஏறின பிறகு வண்டியை எடுத்தேன். ஈரத்துணியால் துடைத்தேன். பின் ஷாஃப்ட்டில் என் கோடு அப்படியே நின்றது. நெயில் பாலிஷ் தண்ணீருக்கு அசையுமா? முன் ஜாயிண்ட்டில் இருந்த சிவப்பு துணியோடு வந்துவிட்டது. மோந்து பார்த்தேன்.

குங்குமம்.

தமயந்தி! ஞாயிறு காலை வண்டிக்குப் பூசை போட்டவள் அவள். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தவள் அவள். அவள் கல்யாணத்தன்றே என்னைக் கடைசிப் பந்தியில் உட்கார வைத்த கூட்டம். போய்க் கத்தினேன்.

"அத்தே, நான் வண்டி மேல மூணு பொட்டுதான் வெச்சேன். அடியில எனக்கு என்னா வேலை? நீங்க குளிச்சிகினு இருந்தீங்க. உங்க பேத்திதான் அதைக் கவுத்துப் போட்டுகினு என்னமோ பண்ணிகினு இருந்தா. குங்குமச் சிமிழை அவதான் கேட்டு வாங்கினா."

துணி கையிலேயே இருந்தது. கீழே வைக்கத் தோன்றவில்லை.

ஜனவரி 25, சனி

கேட்டேன்.

"சடகோபன் மாமா புது ஷாஃப்ட் குடுத்தாரு ஆயா. ஞாயித்துக்கெழம காலையில பழச கழட்டிட்டு மாட்டினேன். பசை காய நேரமில்ல, வெறுமனே முடுக்கிட்டேன். கோடு இல்லன்னா நீ வண்டிய வுட மாட்ட... அதான் குங்குமத்த வெச்சேன்."

"சரி. வுழுந்தப்போ ஏண்டி என் பேரச் சொன்ன?"

"எல்லாரும் பாத்துகினு இருந்தாங்க ஆயா."

"என்னையுந்தாண்டி பாத்துகினு இருந்தாங்க."

அழுதாள். அடுத்த போட்டியில் எல்லார் முன்னாலும் உள்ளதைச் சொல்கிறேன் என்று கோயில் மலைப் பக்கம் கையைக் காட்டிச் சத்தியம் செய்தாள். கண்ணீரில் நனைந்த அந்தக் கையைத் துடைத்துவிட்டதும் நான்தான்.

ஜனவரி 31, வெள்ளி

புது ஷாஃப்ட்டை நான் முடுக்கினேன். பசை விட்டேன். கோடு போட்டேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் கல்லாகிவிடும்.

பிப்ரவரி 2, ஞாயிறு

அதே பாறை, அதே ஆட்கள். வண்டி கடைசிப் பாறையில் பாதி ஏறியது, வழுக்கியது, பிடித்துக்கொண்டது, உச்சிக்குப் போய் நின்றது. சடகோபன் விசிலடித்தான். "ஆயா முடுக்கினதா இது?"

மோனிஷாவைப் பார்த்தேன். இதோ, சொல்லப்போகிறாள்.

சிரித்தாள். "ஆங் மாமா. ஆயாவுக்குப் புதுக் கண்ணாடி வாங்கிக் குடுத்துட்டேன். இனிமே தப்பு வராது."

எல்லாரும் கை தட்டினார்கள். என் மூக்கில் இருந்தது அதே பழைய கண்ணாடி, காதோரம் நூல் சுற்றியது.

வீட்டுக்கு வந்ததும் வண்டியைக் கவிழ்த்துத் துடைத்தேன். கோடு உடையவில்லை. அடுத்த தடவையும் நான்தான் முடுக்குவேன், ஒழுங்காகத்தான் முடுக்குவேன். வேலை மேல் எனக்கு என்ன கோபம்?

ஷாஃப்ட் கொடுத்த சடகோபன் போகட்டும். சிரித்த பெருமாள் போகட்டும். தமயந்திக்கு வழியில் ஒரு முழம் பூ வாங்கிக் கொடுத்தேன். கடைசிப் பந்தியை மறக்கவில்லை, ஆனாலும் கொடுத்தேன். மன்னிக்க மாட்டேன் என்று இங்கே எழுதிவைப்பது ஒரே ஒரு பேரை.

மோனிஷா.