தேய்க்கக் கூடாது என்றார் டாக்டர்

அக்கா,

கெஞ்சிக் கேட்கிறேன், இதை யாருக்கும் காட்டாதே. மாமாவுக்கும் வேண்டாம்.

முழங்காலுக்குக் கீழே எனக்கு வீங்கியிருப்பது சுளுக்கு இல்லை. போன வாரம் தையல் டீச்சர் என்னையும் நைனாவையும் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். எக்ஸ்ரே படத்தைப் பார்த்த டாக்டர், "எலும்புல கட்டி இருக்கு. சின்னத் துண்டு ஒண்ணு வெட்டி எடுத்துப் பார்த்தாத்தான் எந்த மாதிரிக் கட்டின்னு தெரியும். அதுவரைக்கும் யாரும் தேய்க்கக் கூடாது" என்றார்.

நைனா காதில் வெட்டி என்பது மட்டும்தான் விழுந்தது. "கால வெட்டிட்டா எம் பொண்ண எவன் கட்டிக்குவான்?" என்று வழியெல்லாம் கத்தினார். அன்று மாலையே காசிமேட்டிலிருந்து எலும்புக்குக் கட்டுப் போடும் வைத்தியரைக் கூட்டிவந்தார்.

அந்த ஆள் வெற்றிலை எச்சில் மோவாயில் வழிய, "ரத்தம் கட்டிகினு கீது, உருட்டுனா கரைஞ்சிடும்" என்று இரண்டு கட்டைவிரலாலும் பிசைகிறார். நான் அலறினால், "பாரு, கரையுது" என்று நைனாவிடம் காட்டுகிறார். மேலே முட்டை வெள்ளைக்கரு தடவிய துணியைச் சுற்றுகிறார். நான்கு நாளில் அது அழுகி நாறுகிறது. வகுப்பில் என் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை. என் காலைத் தொட எனக்கே அருவருப்பாக இருக்கிறது. கட்டியோ பெரிதாகிக்கொண்டே போகிறது.

எல்லாக் கட்டிக்கும் காலை எடுப்பதில்லை என்றும் டாக்டர் சொன்னார். நைனா அதற்குள் எழுந்து போய்விட்டார். அந்தத் துண்டை எடுத்துப் பார்க்க வீட்டுப் பெரியவர் ஒருவர் கையெழுத்துப் போட்டால் போதுமாம். செவ்வாய்க்கிழமை காலை நீ எண்ணூரிலிருந்து வந்து

கதவைத் தட்டுகிறார்கள். "வைத்தியரு விடியறதுக்குள்ள வந்துகீறாரு, தொற" என்கிறார் நைனா. நான் திறக்க மாட்