ஆண்டவர் படத்துப் பிளக்பாயிண்ட்

சேசு மரி சூசை துணை

சாரம், புதுச்சேரி
ஞாயிறு பூசை முடிந்து

அன்புள்ள தம்பி அருள்பிரகாஷுக்கு,

அக்கா ஆனந்தமேரி எழுதுவது. நானும் உன் மாமாவும் பிள்ளைகளும் இருக்கிறோம். சுகம் என்று எழுத மனசு வரவில்லை, அதனால் இருக்கிறோம் என்று மட்டும் எழுதுகிறேன். நீயும் மெரினும் குழந்தையும் சுகமா? அங்கே குளிர் தொடங்கியிருக்குமே, பிள்ளைக்குக் காதை மூடி விடு.

என் நம்பரை நீ பிளாக் செய்து வைத்திருக்கிறாய். தபால்காரரை பிளாக் செய்ய முடியாதல்லவா? அதனால்தான் பேப்பரும் பேனாவும் எடுத்தேன். கிழித்துப் போடுவதானாலும் படித்துவிட்டுக் கிழி.

அம்மாவை அடக்கம் செய்த அன்று, கடைசியாக முகம் காட்டும் நேரத்தில் நான் வேண்டுமென்றே போனைக் கட் பண்ணிவிட்டேன் என்று பிலோமினா அத்தையிடம் சொல்லி அழுதாயாம். அத்தை அதைக் கோயில் வாசலில் வைத்து, நாலு பேர் காதில் விழ என்னிடம் கேட்டார். சீ! கேட்டதும் உடம்பெல்லாம் கூசிப்போனது எனக்கு. அன்று காலையில் ‘வராதவனுக்கு மூஞ்சி எதுக்குடா காட்டணும்’ என்று உன்னிடம் கத்தியது நான்தான், இல்லை என்று சொல்லவில்லை. லீவு கிடைக்கவில்லை என்று நீ சொன்னதும் ஆத்திரத்தில் வாயில் வந்தது. அதற்காகப் பெற்றவள் முகத்தைப் பிள்ளைக்குக் காட்டாமல் மறைப்பேனா? என்னை அவ்வளவு கேவலமானவள் என்றா நினைத்தாய்?

நடந்தது இதுதான். நீ அம்மாவின் போனில் வீடியோவில் இருந்தாய். சுவரிலிருந்து ஒயரைப் பிடுங்கியபோது பாதிக்கு மேல் சார்ஜ் காட்டியது. அதை நம்பித்தான் பெட்டியருகே எடுத்துப் போனேன். உபதேசியார் செபத்தை முடித்து, பார்க்கிறவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். அம்மாவின் கையில் சுற்றியிருந்த செபமாலையை உனக்குக் காட்டினேன். ‘அக்கா, இன்னும் கொஞ்சம் மேல தூக்கு’ என்றாய். தூக்கினேன். திரை கறுத்துப்போய்விட்டது.

அதைத் தட்டினேன், உலுக்கினேன், ஓடிப்போய்த் திரும்பவும் ஒயரில் சொருகினேன். அந்தச் சனியன் உயிர் வந்து எழுந்திருக்கவே ஒரு யுகம் எடுத்துக்கொள்ளும், உனக்குத் தெரியாது. என் போனில் உன்னைக் கூப்பிட்டேன், போகவே இல்லை. காலையில் சண்டை முடிந்த கையோடு நீ என் நம்பரை பிளாக் செய்துவிட்டாய் என்று அப்போதுதான் புரிந்தது. உன் நம்பர் வைத்திருந்த அத்தையோ பாட்டுக்காரர்களோடு முன்னாலேயே கோயிலுக்குப் போயிருந்தார். பூசைக்கு மணி அடித்துவிட்டார்கள். ‘மூடலாமாம்மா’ என்று கேட்டார்கள். நான் என்ன செய்வேன், தலையை ஆட்டினேன்.

இந்தப் போனைப் போன வருஷம் உன் சிநேகிதர் கையில் நீ கொடுத்தனுப்பியபோது எப்படிப் பேசினாய், ஞாபகம் இருக்கிறதா? உங்கள் ஊரில் பழைய போனைத் துடைத்து மெருகேற்றி விற்பதற்குப் பிரெஞ்சில் ஒரு பேர் வைத்திருக்கிறார்களே, ரெகொந்திசியொனே, அதை வாய் நிறையச் சொன்னாய். ‘புதுசு மாதிரியேதான்க்கா, பேட்டரி நூத்துக்கு நூறு’ என்றாய். அம்மாவும் அதை வெல்வெட் பையில் போட்டுக்கொண்டு கோயிலுக்கெல்லாம் எடுத்துப் போய்க் காட்டினாள். கிறிஸ்துமஸ் முடிவதற்குள் வண்டவாளம் தெரிந்துவிட்டது. நாற்பது காட்டும், அடுத்த நிமிஷம் அணைந்துவிடும்.

அடக்கம் முடிந்த வாரத்தில் போனின் திரை ஒரு பக்கம் வாயைத் திறந்துகொண்டது. லாஸ்பேட்டையில் கோபிநாத் என்று ஒருவர் கடைக்கு எடுத்துப் போனேன். அவர் முதுகுப்பக்கத்தைக் கழற்றியதும் ஒரு வாடை அடித்தது பார், அழுகின பழத்தில் நகப்பாலிஷை ஊற்றின மாதிரி. உள்ளே பேட்டரி பூரி போல உப்பிக் கிடந்தது. பழைய பசை கறுப்பாய்த் திரண்டு ஒட்டியிருந்தது, அதில் யாருடையதோ ஒரு முடி வேறு. அதைத்தான் அம்மா கன்னத்தில் வைத்துக்கொண்டு உன்னோடு பேசினாள். வீட்டுக்கு வந்து கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக் கழுவிப் பார்த்தேன், வாடை போகவில்லை.

நூறு என்று காட்டியதே என்று கேட்டேன். ‘அது சும்மா வெளிய காட்டறதுக்குக்கா. எவனோ மட்டமான பேட்டரியப் போட்டுட்டு நம்பரை மட்டும் ஏத்தி வெச்சிருக்கான்’ என்றார். அந்த மனுஷனும் லேசுப்பட்டவர் இல்லை. அதே கண்ணாடிப் பெட்டியில் ‘புதுசு போல’ என்று ஸ்டிக்கர் ஒட்டின பழைய போன்களை அடுக்கி வைத்துக்கொண்டு, ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள் என்று என்னிடமே நீட்டுகிறார். அம்மாவின் பேட்டரியைப் பிடுங்கி, மணல் போட்ட ஒரு பெயிண்ட் வாளியில் எறிந்தார். அதற்குள் ஏற்கெனவே அதே மாதிரி உப்பினவை எத்தனையோ கிடந்தன. வாங்கியவனும் ஏமாளி, விற்றவனும் களவாணி. என்ன பிழைப்பு இது, தூ!

இதோடு விட்டிருந்தால் நான் இந்தக் கடிதம் எழுதியிருக்க மாட்டேன். புதுப் பேட்டரியைப் போட்டுக்கொண்டே அவர் ஒன்று கேட்டார். ‘யாருங்கக்கா இத ராவும் பகலும் சார்ஜிலயே போட்டு வெச்சது? அதான் இப்படி ஊதிப்போச்சு’ என்றார். எனக்குப் பதில் தெரியும்.

தம்பி, ‘எப்ப அடிச்சாலும் அம்மா போனு ஆஃப்ல இருக்குக்கா, நான் என்ன பண்றது’ என்று என்னிடம் சொன்னாயே, அதை நான் அம்மாவிடம் போய்ச் சொன்னேன். அன்றைக்கே அம்மா ஒரு வேலை செய்தாள். நம் கூடத்தில் திரு இருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே எரியுமே சிவப்பு விளக்கு, அதன் பிளக்கைப் பிடுங்கிவிட்டு உன் சார்ஜரை மாட்டினாள். கரண்டு போனால்கூட அந்த இடத்தில் உடனே மெழுகுவர்த்தி ஏற்றுகிறவள், அந்த விளக்கை ஒருநாளும் அணைய விடாதவள், தன் கையாலேயே அணைத்தாள். நான் திட்டினேன். ‘ஆண்டவரு கோச்சிக்க மாட்டாருடி. புள்ள எப்ப கூப்புடுவான்னு யாருக்குத் தெரியும்’ என்றாள்.

ஒயர் குட்டை. அதனால் நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டுக்கொண்டாள். சாப்பாடு அங்கே, செபமாலை அங்கே, மத்தியானத் தூக்கமும் அங்கே. குளிக்கப் போனால் என்னைக் காவல் வைத்துவிட்டுப் போவாள். ஞாயிறு பூசையைக்கூட விட்டுவிட்டு டிவியில் பார்த்தாள். நீ மாதத்துக்கு ஒரு தடவையாவது கூப்பிட்டிருப்பாயா, அதை நீயே யோசித்துக்கொள். அதற்குப் பிறகு நீ கூப்பிட்டபோதெல்லாம் போன் உயிரோடுதான் இருந்தது. முதல் மணியிலேயே எடுத்தாளே, அது எப்படி என்று நீ ஒரு நாளாவது கேட்டாயா?

யார்மேல் அருவருப்புப் படுவது என்றே எனக்குத் தெரியவில்லை. நம்பரை ஏற்றி விற்றவன் மேலா, மலிவு என்று வாங்கிய உன் மேலா, உன் சாக்கை அப்படியே அம்மா காதில் போட்ட என் மேலா? இந்தப் போனில் இப்போது சார்ஜ் நாள் முழுக்க நிற்கிறது. பார்த்தாலே பற்றிக்கொண்டு வருகிறது.

அந்தச் சார்ஜர் இன்னும் ஆண்டவர் படத்துக்குக் கீழேதான் தொங்குகிறது. வீட்டை மந்திரிக்க வந்த பங்குச் சாமியார்கூட விளக்கு ஏன் எரியவில்லை என்று கேட்டார். உன் மாமா கழற்றப் போனார், கையைத் தட்டிவிட்டேன்.

கல்லறைத் திருநாளுக்கு வா. உங்கள் ஊரில் அப்போது சகல புனிதர் திருநாளுக்குத் தூசேன் லீவு உண்டு, எனக்குத் தெரியும். அம்மா முகத்தை உனக்கு நான் காட்ட முடியாமல் போய்விட்டது, அவள் உட்கார்ந்த இடத்தையாவது காட்டுகிறேன். நீயே அந்த ஒயரைப் பிடுங்கு. நீயே விளக்கை மாட்டு. அதுவரை ஆண்டவர் இருட்டில் இருந்தபடியே உன்னையும் மெரினையும் குழந்தையையும் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
உன்மேல் கோபம் தீராத, ஆனால் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும்
அக்கா ஆனந்தமேரி