ஒன்பது பேர்

அம்மாவின் இறுதி ஊர்வலத்தன்று நீ உண்மையிலேயே ஊதினாயா, அண்ணே? எனக்குத் தெரியவில்லை. கேட்க முடிந்த காலத்தில் கேட்கவும் இல்லை.

இன்று மாலை உன் ட்ராம்போன் பெட்டியைத் திறந்தேன். கோல்டு கிரீம் வாசனை வந்தது. நான் முகத்துக்குக்கூட அதைப் போட்டதில்லை. நீதான் ஊதும்போது நீட்டி இழுக்கும் குழாயான ஸ்லைடில் பூசி, தண்ணீர் தெளித்து, வழுக்குகிறதா என்று இழுத்துப் பார்ப்பாய். "பொம்பளைவொ பூசறதப் போயி பித்தளைக்குப் பூசறான் பாரு" என்பாள் அம்மா. "அதுக்கும் மூஞ்சி இருக்குல்லம்மா" என்பாய்.

அரியலூர்க் கல்யாண ஊர்வலங்களில் ஊதினாய். பெரம்பலூரில் ஒரு பள்ளிக்கு பேண்டு மாஸ்டரானாய். பிறகு சொந்தமாக பேண்டு செட் வைத்து நிகழ்ச்சிகள் பிடித்தாய். எல்லாவற்றிலும் ஒரே பிடிவாதம்தான்: டம்மி ஆள் கூடாது. பன்னிரண்டு பேர் என்று பேசிவிட்டு, ஊதத் தெரியாத சிலருக்கும் சிவப்புக் கோட்டு மாட்டி, கையில் ஒரு கருவியைக் கொடுத்து நிறுத்துவது பல செட்டுகளில் வழக்கம். நீ பள்ளிப் பிள்ளைகளிடமே சொல்வாய்: "மூச்சு வரலைன்னா எறக்கி வச்சுடு. ஊதுற மாதிரி நிக்காத."

அம்மா போனபோது உனக்கு முன்பற்களை எடுத்துச் சில நாட்கள்தான் ஆகியிருந்தன. உதடு வீங்கியிருந்தது. ஆனாலும் கோட்டைப் போட்டுக்கொண்டு பின்வரிசையில் நின்றாய். பெண்கள் நாங்கள் தெருமுனையோடு நின்றுவிட்டோம். உன் கை ஸ்லைடை நீட்டுவதும் இழுப்பதும் தெரிந்தது. அத்தனை சத்தத்தில் உன்னுடையது எது என்று பிரித்தறிய முடியவில்லை. அதன்பிறகு நீ ட்ராம்போனைத் தொடவில்லை. "புரொபசரம்மாவுக்கு எல்லாத்துக்கும் அத்தாட்சி வேணும்" என்று கேலி செய்வாயே, இதற்கு மட்டும் நான் அத்தாட்சி கேட்கவில்லை. கேட்டிருந்தால் நீ பொய் சொல்லியிருக்கமாட்டாய். அதுதான் பயம்.

நாளை ஜெயங்கொண்டம் பக்கம் ஒரு சாமி ஊர்வலம். பன்னிரண்டு பேருக்கு நீ ஒப்புக்கொண்டது. உனக்குப் பின் மூன்று பேர் வேறு செட்டுக்குப் போய்விட்டார்கள். உன் போன் என்னிடம் இருப்பதால், டிரம் அடிக்கும் மாரி காலையில் என்னைத் தேடி வந்தார்.

"மூணு பேருக்குக் கோட்ட மாட்டி நிறுத்திடலாம் மேடம். இது கைய வுட்டுப் போச்சுன்னா செட்டே கலைஞ்சிடும்."

"அண்ணன் ஒத்துப்பாரா?"

"திட்டுவாரு. திட்டத்தான் ஆளு இல்லியே."

விழாக் கமிட்டித் தலைவருக்கு நானே போன் செய்து, ஒன்பது பேர்தான் என்றேன். "ஊர்ல கலந்துட்டுச் சொல்றேன்" என்று வைத்துவிட்டார். இதுவரை பதில் இல்லை. வேண்டாம் என்று சொல்லாதவரை போய் நிற்போம் என்கிறார் மாரி. உன் செட்டை நான்தான் கலைத்தேன் என்று ஆகிவிடுமோ என்று இருக்கிறது.

மறுநாள் நடந்ததையும் எழுதிவிடுகிறேன். வேனிலிருந்து இறங்கியதும் தலைவர் வந்து விரல் நீட்டி எண்ணினார்.

"எல்லாரும் ஊதுறவங்கதானே?"

"டிரம் அடிக்கிறவங்களத் தவிர எல்லாரும் ஊதுவாங்க."

"அப்புறம் என்னம்மா? போன வருசம் ஒரு செட்டு வந்துச்சு. நாலு பேரு கன்னத்த மட்டும் உப்பிக்கிட்டு வந்தானுவ. எங்க ஊருப் புள்ளைவொ ஒரு வாரம் கன்னத்த உப்பிக்கிட்டே திரிஞ்சுதுவொ."

மாரி என்னைப் பார்க்காமல் டிரம் வாரை இறுக்கினார்.

ஊர்வலம் கிளம்பியபோது வேண்டுமென்றே தெருமுனையில் நின்றுகொண்டேன். உன் ட்ராம்போனை ஊதியது ஒன்பது பேரில் ஒருத்தியான உன் பழைய மாணவி செல்வி. டிரம்முக்கும் டிரம்பெட்டுக்கும் அடியில் அதன் கனத்த குரல் தனியாகக் கேட்டது. அப்படியானால், நீ ஊதியிருந்தால் அன்றும் கேட்டிருக்க வேண்டும். கேட்டதா என்பதுதான் நினைவில் இல்லை.

அடுத்த வருடமும் இதே ஆட்கள் வரட்டும் என்று சொல்லியனுப்பினார்கள். வேனில் செல்வி, "ஒதடு எரியுது மேடம்" என்று சிரித்தாள். உன் பெட்டியிலிருந்து கோல்டு கிரீமை எடுத்து நீட்டினேன். அவள் ஸ்லைடைக் கழற்றப் போனாள்.

"ஒதட்டுக்கு" என்றேன்.