வாசலில் சொன்ன சரி

அன்புள்ள பிரீத்திகாவுக்கு,

இந்த நேரத்தில் எழுதுகிறேனே என்று கோபிக்காதே. அப்பாவும் தம்பி தருணும் படுத்த பிறகுதான் உட்கார முடிந்தது. இங்கே நாங்கள் மூவரும் சுகம். நீயும் சளி, காய்ச்சல் இல்லாமல் இருக்கிறாய் என்று நானாக நினைத்துக்கொண்டுதான் ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நீ போனை எடுக்கவில்லை, மெசேஜுக்கும் ஒரு கட்டை விரல் படம்தான் வருகிறது. பேசினால் மறுபடி நான்தான் பேசுவேன், நீ கேட்டுக்கொண்டிருப்பாய். அதனால்தான் மெயிலில் எழுதுகிறேன்.

விருதுநகரில் ஐப்பசி மழை விட்டபாடில்லை. தீபாவளிக்குப் பூட்டிய பட்டாசுக் கம்பெனிகள் இன்னும் முழுசாகத் திறக்கவில்லை, காலையில் பிரஸ்ஸுக்குப் போகும்போது சிவகாசி ரோட்டில் வேன்களே இல்லாமல் வெறிச்சென்று இருக்கிறது. நமக்குத்தான் காலண்டர் சீசன், மெஷினுக்கு ஓய்வில்லை. தருண் அரையாண்டுப் பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று புத்தகத்தை நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு தூங்குகிறான். அதை விடு. நான் எழுத வந்தது நீ அந்தக் குளிர் நாட்டில் கரண்டு கம்பெனியை மாற்றிய விஷயம்.

நீ அன்றைக்குச் சொன்னதை நான் சரியாகவே கேட்கவில்லை பிரீத்தி. யாரோ ஒருவர் கையில் டேப்லெட்டோடு வீட்டு வாசலுக்கு வந்தார், கேஸுக்கும் கரண்டுக்கும் எங்கள் கம்பெனிக்கு மாறினால் பில் குறையும் என்றார், நீயும் கையெழுத்துப் போட்டுவிட்டாய், பிறகு உன்னோடு தங்கியிருக்கும் ரோஷினி உட்கார்ந்து கணக்குப் பார்த்தால் பழைய கம்பெனியைவிட இதில்தான் கட்டணம் அதிகம், நடுவில் விலகினால் அபராதம் வேறு. கூலிங் ஆஃப் என்று பதினான்கு நாள் அவகாசம் இருக்கிறது, அதற்குள் வேண்டாம் என்று சொல்லிவிடலாமா அம்மா என்று கேட்டாய். நமக்கு இங்கே கரண்டு என்றால் ஒரே வாரியம், அதைப் போய் மாற்றுவது என்பதே எனக்குப் புதிது. கூலிங் ஆஃபா, அது என்ன ஏசி கம்பெனியா என்று கேலி செய்தேன். அதோடு நிறுத்தினேனா, கையெழுத்துப் போட்டுவிட்டுப் பின்வாங்குவது நம் வீட்டுப் பழக்கமில்லை, வந்த மனிதர் நம்மைப் பற்றி என்ன நினைப்பார், நாளைக்கு உன் விசாவில் ஏதாவது கறுப்புப் புள்ளி விழுந்தால் என்ன செய்வாய் என்று பயமுறுத்தினேன். வாசலில் வந்தவனிடம் ஏமாறத்தான் அம்புட்டுத் தூரம் அனுப்பினோமா என்றும் கேட்டேன். அந்தக் கடைசி வார்த்தையை நான் சொல்லியிருக்கவே கூடாது. நீ சரிம்மா என்று சொல்லி வைத்துவிட்டாய். ரத்து செய்ய மாட்டேன் என்று நீ ரோஷினியிடம் சொன்னதால் அந்தப் பிள்ளை உன்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டது என்று தருண் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பில்லுக்குப் பயந்து ஹீட்டரை அணைத்துவிட்டு இரண்டு ஸ்வெட்டர் போட்டுத் தூங்குகிறாயாமே.

செவ்வாய்க்கிழமை ஆமத்தூரில் மளிகைக்கடை வைத்திருக்கும் செல்லக்கனி என்ற அம்மா, நனைந்த குடையோடு பிரஸ்ஸுக்கே வந்துவிட்டார்கள். நம் ஏஜெண்டு பாண்டிமுருகனிடம் கொடுத்த காலண்டர் ஆர்டர் வேண்டாமாம். நான் வழக்கமாகச் சொல்வதையே சொன்னேன், ஆர்டர் கொடுத்த பிறகு பின்வாங்கினால் எப்படிங்க என்று. உனக்குச் சொன்ன அதே வார்த்தை. அந்த அம்மா கொஞ்சமும் அசரவில்லை. "ஒங்க ஆளு கல்லாவுக்கு முன்னால ஸ்டூலப் போட்டு உக்காந்துட்டாரு தாயி. யாவாரம் பாக்க விடல. நான் சரின்னு சொன்னது காலண்டருக்கு இல்ல, அவரு எந்திரிக்கணும்னு. இதெல்லாம் ஒரு சரியா? போன வருசத்துக் காலண்டரே பரண்ல கெடக்கு, எங்க ஊருல ஒரு வீட்டுக்கு எம்புட்டு ஆணிதான் அடிப்பாக?" என்று கேட்டார்கள். எனக்குச் சிரிப்பும் வந்தது, உன் முகமும் வந்தது. நீயும் அந்த மனிதர் வாசலை விட்டுப் போனால் போதும் என்றுதானே சரி சொல்லியிருப்பாய்?

உள்ளே கேட்டால் அவர்கள் கடைப் பெயரை இன்னும் அச்சுக்கே ஏற்றவில்லை, நமக்கு ஒரு நஷ்டமும் இல்லை. ஆர்டரை நோட்டில் கோடு போட்டு அடித்துவிட்டேன். பாண்டிமுருகன் முகத்தைத் தூக்கிக்கொண்டு, "நாலு நடை நடந்து வாங்குன ஆர்டர் மதினி, நீங்க ஒரு நிமிசத்துல கெடுத்துட்டீகளே" என்றார். அப்பா, "இப்பிடி வர்றவுகளுக்கெல்லாம் எரக்கப்பட்டா பிரஸ்ஸப் பூட்டிட்டு நாமளும் ஆமத்தூருக்குக் காலண்டர் கேட்டுத்தான் போகணும்" என்றார்கள்.

அதற்குப் பிறகுதான் உங்கள் ஊர்ச் சட்டத்தைத் தேடிப் படித்தேன். முதலிலேயே படித்திருக்க வேண்டும், பி.காம் படித்து என்ன பிரயோசனம். நீ சொன்னது அத்தனையும் சரி. வாசலில் நின்று பேசி வாங்கும் கையெழுத்துக்காகத்தான் அந்த அவகாசமே வைத்திருக்கிறார்கள். காரணம் சொல்ல வேண்டாம், அபராதம் இல்லை, விசாவுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அதற்குள் இணைப்பு மாறியிருந்தால் எரித்த அளவுக்கு மட்டும் கட்டினால் போதும். தெரிந்துகொண்டு நான் பேசவில்லை, பயத்தைத்தான் உனக்கு அறிவுரை என்று கொடுத்தேன்.

நீ போன சனிக்கு முந்தின சனிக்கிழமை கையெழுத்துப் போட்டாய், அவகாசம் வருகிற சனியோடு முடிகிறது. அன்றைக்கு ஆபீஸ் இருக்குமோ என்னவோ, அதனால் வெள்ளிக்கிழமையே போனில் சொல்லு, சொன்னதை மெயிலிலும் அனுப்பு. மீட்டரைப் படம் எடுத்து வைத்துக்கொள். பழைய கம்பெனியிடமும் பேசு, கேஸும் கரண்டும் யாரிடமிருந்து வருகிறது என்று கேட்டுத் தெளிவாக்கிக்கொள். இவ்வளவும் எழுதிவிட்டு, நான் சொன்னதற்காகச் செய் என்று சொல்ல மாட்டேன். கணக்குப் பார்த்தது நீங்கள் இருவரும், குளிரில் இருப்பதும் நீங்கள்தான். மறுபடி ஒருமுறை ரோஷினியோடு உட்கார்ந்து பேசு. அம்மா பேச்சைக் கேட்டுத்தான் முடியாது என்றேன் என்று அவளிடம் சொல்லிவிடு, அந்தக் கோபம் என்மேல் இருக்கட்டும். உன்னைவிட இருபத்தோரு வயதுதான் மூத்தவள் நான், நீ எங்கே போனாலும் எனக்கும் அது முதல் தடவைதான். இதைச் சாக்காகச் சொல்லவில்லை.

முடிவு எதுவானாலும் இன்றைக்கு ஹீட்டரைப் போட்டுக்கொண்டு தூங்கு. சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. மாரியம்மன் துணையிருப்பாள், நல்லபடியாக இரு. இனிமேல் நீ ஒன்று கேட்டால் முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் வாயைத் திறப்பேன். ரத்து செய்தாயோ இல்லையோ, படித்தேன் என்று ஒரு வரியாவது சீக்கிரம் பதில் போடு.

உன் அம்மா,
கற்பகவல்லி