பென்சில் தொட்ட முகம்

நாகர்கோவில்
12-11-1933

அன்புள்ள ஜான்ரோஸுக்கு ராஜையன் எழுதுவது.

ஆண்டவர் கிருபையால் நானும் சத்தியபாயும் மகள் ஜெபகுமாரியும் சுகம். கொழும்பில் நீ சேர்ந்திருக்கும் ஸ்டுடியோவில் மின்சார விளக்கு வைத்தே படம் எடுக்கிறார்களாமே. எனக்கு இன்னும் கண்ணாடி ஓடு வழியாக இறங்கும் வெயில்தான். இந்த ஐப்பசி மழையில் அதுவும் இல்லாமல் நாலு நாளாகக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பெரிய ஊர்க்காரனாகிவிட்டாய், எங்களை மறந்துவிடாதே.

விஷயத்துக்கு வருகிறேன். நம் ஜெபகுமாரிக்கு ஒரு சம்பந்தம் வந்திருக்கிறது. மாப்பிள்ளை பெயர் தேவகுமார். மார்த்தாண்டம் பக்கத்துக் குடும்பம். உன் கொழும்பிலேயே ஒரு கப்பல் கம்பெனியில் குமாஸ்தா. தாயார் நேரில் வந்து பெண்ணைப் பார்த்தார்கள். முகத்தில் அம்மைத் தழும்பைக் கண்டும், "வந்தது போச்சு, பிள்ளைக்குக் கொணம் போதும்" என்று சொல்லிவிட்டார்கள். சத்தியபாய் அடுக்களைக்குள் போய் அழுதுவிட்டு வந்தாள். மகனுக்கு ஒரு படம் மட்டும் அனுப்ப வேண்டுமாம்.

நீ கப்பலேறுவதற்கு முந்தின வாரம் ஜெபகுமாரியை எடுத்த கண்ணாடி நெகட்டிவ் பிளேட் நினைவிருக்கிறதா? வெளிச்சத்துக்காக நீ வெள்ளைத் துணியைப் பிடித்துக்கொண்டு, "ஏட்டி, கொழும்பில ஒனக்கொரு மாப்பிள பாக்கட்டா?" என்று கேட்டு அவளைச் சிரிக்க வைத்தாயே, அதுதான். வாய்முகூர்த்தம் பலித்துவிட்டது.

இத்துடன் இரண்டு பிரிண்ட் வைத்திருக்கிறேன். ஒன்று, பிளேட்டில் உள்ளது உள்ளபடி. மற்றது, நான் ரீடச் செய்த பிறகு எடுத்தது. மூன்று நாள் குனிந்தே இருந்தேன். ஒவ்வொரு தழும்பையும் பிளேட்டின் மேல் கூர்சீவிய பென்சிலால் புள்ளி புள்ளியாக வைத்து நிரப்பினேன். பொன்னுலிங்கம் தன் ஸ்டுடியோவைப் பூட்டிவிட்டு வந்து பார்த்தான். கன்னம் ஜோராக வந்திருக்கிறது, வாயோரத்துக் கோட்டையும் எடுத்துவிட்டால் இன்னும் இரண்டு வயது குறையும் என்றான். அதையும் எடுத்தேன். உன் கண் எங்கள் இருவரையும்விடக் கண்டிப்பானது. உள்ளதைச் சொல்லு. அடுத்த தபாலிலேயே எழுது, அவர்கள் அவசரப்படுகிறார்கள்.

ஜான்ரோஸ் சித்தப்பாவுக்கு ஸ்தோத்திரம் என்று எழுதச் சொன்னாள் ஜெபகுமாரி.

உன் நண்பன்
ராஜையன்


நாகர்கோவில்
3-6-1934

அன்புள்ள ஜான்ரோஸ்,

இத்தனை மாதம் உனக்குப் பதில் எழுதாமல் இருந்ததற்கு முதலில் கோபம் காரணம், பிறகு வெட்கம்.

உன் அபிப்பிராயம் உரிய நேரத்தில் வந்து சேர்ந்தது. பருவை எடுக்கலாம், தழும்பை எடுக்கக் கூடாது, அது அவள் முகத்தோடு வளர்ந்தது, பாதியையாவது விட்டுவை என்று எழுதியிருந்தாய். வாயோரத்தில் கை வைத்தது சுத்தப் பைத்தியக்காரத்தனம் என்றும் எழுதியிருந்தாய். பெண்ணைப் பெற்றவனாக இருந்தால் இப்படி எழுதுவானா என்று சத்தியபாயிடம் கத்தினேன். பென்சில் வேலை செய்த படத்தையே அனுப்பினேன்.

அனுப்புவதற்கு முன் ஜெபகுமாரி அதைக் கையில் எடுத்துப் பார்த்தாள். "இவள மாதிரி இருக்கணும்னா நான் என்ன செய்யணும்ப்பா?" என்று கேட்டாள். விளையாட்டுக்குக் கேட்கிறாள் என்று நினைத்துச் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் என் வாயிலேயே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

சித்திரையில் கல்யாணம் நடந்தது. கல்யாணத்துக்கு முன் மாப்பிள்ளை பெண்ணைப் பார்ப்பது நம்மிடையே இல்லையே. ஆலயத்திலும் முகத்தை மூடி வலை முக்காடு. எல்லாம் முடிந்து, வெளியே வேப்பமரத்தடியில் படத்துக்கு நிறுத்தி, முக்காட்டை விலக்கச் சொன்னேன். கறுப்புத் துணிக்குள் நான் தலையை விட்டிருந்தேன். காமிராக் கண்ணாடியில் எல்லாம் தலைகீழாகத்தானே தெரியும். அப்படித் தலைகீழாகத்தான் அவன் முகம் மாறுவதைப் பார்த்தேன். துணியை விட்டு வெளியே வர எனக்குத் தைரியம் இல்லை.

அவன் நல்ல பையன், ஜான்ரோஸ். சத்தம் போடவில்லை. இவளை ஒரு சொல் சொல்லவில்லை. தழும்பைப் பற்றித் தாயாரும் மகனுக்கு எழுதவில்லையாம். மறைக்க வேண்டும் என்றல்ல, படம்தான் போகிறதே என்று இருந்துவிட்டார்கள். பதினோரு நாள் இருந்தான். புறப்படும்போது என்னைத் தனியே அழைத்து, "மாமா, அங்க எல்லாரும் அந்தப் படத்தப் பாத்தாச்சு. இனி இவள நான் எப்படிக் கூட்டிட்டுப் போவேன்?" என்றான். கண் கலங்கியிருந்தது. வீடு பார்த்துவிட்டு எழுதுகிறேன் என்று அவளிடம் சொல்லித் தனியாகவே போனான்.

உன்னால் முடிந்தால் ஒருநாள் அவனைப் போய்ப் பார். நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.

ராஜையன்


நாகர்கோவில்
20-1-1936

அன்புள்ள ஜான்ரோஸ்,

கிறிஸ்துமஸ் சமயத்தில் தேவகுமாரைப் பார்த்ததாக நீ எழுதிய கடிதம் கிடைத்தது. அவன் அறைச் சுவரில் அந்தப் படத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறான் என்றும், வருகிறவர்கள் மனைவியை எப்போது அழைத்து வருவாய் என்று கேட்கிறார்கள் என்றும், அவன் தலையைக் குனிந்துகொள்கிறான் என்றும் எழுதியிருந்தாய். அதைப் படித்தபின் இரண்டு நாள் நான் வேலைக்கு உட்காரவில்லை. நான் பென்சிலால் செய்த பெண் அவனோடு கொழும்பில் குடியிருக்கிறாள். நான் பெற்ற பெண் இங்கே அரிசி புடைத்துக்கொண்டிருக்கிறாள்.

அவள் ஒருநாளும் என்னைக் குற்றம் சொன்னதில்லை. ஆலயத்துக்கு முதல் மணி அடிக்குமுன்பே போய்க் கடைசி பெஞ்சில் உட்காருகிறாள், எல்லோரும் கலைந்தபின் வருகிறாள். சத்தியபாய்க்கு இருமல். ஊரில் வேறு விசேஷம் இல்லை, தேங்காய் விலை சரிந்து கிடக்கிறது.

புதிதாக ஒரு படம் எடுத்து அனுப்பலாம் என்று அவளை அழைத்தேன். "போதும்ப்பா" என்று ஒரே சொல். அப்புறம்தான் பழைய பிளேட் நினைவுக்கு வந்தது. பொன்னுலிங்கத்தை வரவழைத்தேன். தான் சொன்ன ஒரு வார்த்தையால் பிள்ளையின் வாழ்வு இப்படி ஆயிற்றே என்று அவன் இரண்டு வருஷமாக என் வாசல் பக்கமே வரவில்லை. அவன் என்ன செய்வான்? சொன்னது அவன் வாய், செய்தது என் கை. அவன் பிளேட்டைப் பிடித்துக்கொள்ள, நான் பஞ்சில் டர்பன்டைன் எண்ணெய் தொட்டுப் பென்சில் புள்ளிகளைத் துடைத்தேன். மூன்று நாள் வேலை கால் மணி நேரத்தில் போயிற்று.

அச்சு எடுத்து உலர வைத்திருந்தேன். ஜெபகுமாரி வந்து வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். தழும்பைப் பார்க்கிறாள் என்று நினைத்தேன். "அப்பா, நான் அண்ணைக்குச் சிரிச்சிட்டுல்லா இருந்தேன்" என்றாள். ஆமாம் ஜான்ரோஸ். வாயோரத்துக் கோட்டை எடுத்தபோது அந்தச் சிரிப்பும் போய்விட்டது. நீ அப்போதே எழுதினாய். எங்கள் இரண்டு பேர் கண்ணிலும் அது படவில்லை. அவளே மறந்துபோயிருந்தாள், பாவம்.

பிறகு என் ரீடச் பென்சிலைக் கேட்டு வாங்கி, படத்தைத் திருப்பிப் பின்பக்கத்தில் தன் பெயரை எழுதினாள். எழுதிய படத்தை என் கையில் வைத்தாள்.

அந்தப் படம் இத்துடன் வருகிறது. அதை நீயே கொண்டுபோய் அவன் கையில் கொடுக்க வேண்டும். சுவரில் இருப்பதைக் கழற்றச் சொல்லாதே, வாதாடாதே. குற்றம் முழுவதும் தகப்பனுடையது, பெண் ஒருபோதும் தன்னை மறைக்கவில்லை என்று மட்டும் சொல்லு. கப்பல் வருகிற தேதியை அவன் எழுதினால், தூத்துக்குடி வரை அவளை நானே அழைத்து வந்து விடுகிறேன். எழுதாவிட்டாலும் அவன்மேல் எனக்கு வருத்தம் இல்லை, அவன் எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும் என்று சொல்லு. நீ அவன் வாசலில் ஏறும் நாளில் நாங்கள் இங்கே முழங்காலில் நிற்போம்.

உன் அபிப்பிராயத்தைக் கேட்டுவிட்டுத் தள்ளினவன் இன்னொரு முறை கேட்கிறேன். என் வேலை எப்படி இருக்கிறது என்று எழுத வேண்டாம். படத்தைப் பார்த்தபோது அவன் முகம் எப்படி இருந்தது என்பதை மட்டும் எழுது. எனக்காக இரங்கி ஒரு புள்ளிகூட நிரப்பாமல், உள்ளதை உள்ளபடி எழுது.

ஜெபகுமாரியின் தகப்பன்
ராஜையன்