வாளின் காம்பில் பொய்த்துரு ஏற்ற வேண்டாம்

அனுப்புநர்
நகானே மிசுஹோ,
(நகானே சோகிச்சியின் மகள்)
படகுத்துறைக் குடியிருப்பு, மூன்றாம் கட்டடம்,
ஹமாசே நகரம்.

பெறுநர்
தலைவர் அவர்கள்,
நகரக் கல்விக் குழு,
ஹமாசே நகரம்.

பொருள்: நகர அருங்காட்சியகத்துக்கு இரவலாகத் தந்த பழைய வாளின் துரு தேய்த்து அகற்றப்பட்டது – அதன்மேல் செயற்கைத் துரு ஏற்றுவதை நிறுத்தக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் தந்தை நகானே சோகிச்சி இந்நகரில் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். அவருடைய சேகரிப்பில் இருப்பது ஒரே ஒரு வாள். அதைச் சேகரிப்பு என்று சொன்னால் வாள் சங்கத்துக்காரர்கள் சிரிப்பார்கள். மருத்துவர்களும் மனைத் தரகர்களும் வல்லுநர் சான்றிதழோடு வாள் வாங்குகிறார்கள். பேருந்து ஓட்டுநர் சந்தேகத்தை வாங்குகிறார், அதுதான் மலிவு.

2. அந்த வாளின் காம்பில், அதாவது பிடிக்குள் செருகி மறைந்திருக்கும் பகுதியில், அறுநூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த பிஜென் நாட்டுப் பெருங்கொல்லர் ஒருவரின் பெயர் செதுக்கப்பட்டிருக்கிறது. விலையை ஏற்றுவதற்காகப் பிற்காலத்தில் சாதாரண வாள்களிலும் அந்தப் பெயரைச் செதுக்கியதுண்டு. உண்மையா பொய்யா என்பதைக் காம்பில் படிந்த துருதான் சொல்லும். எழுத்தின் பள்ளத்திலும் அதைச் சுற்றியும் ஒரே வயதுத் துரு இருக்க வேண்டும். அதனால் அலகுக்கு எண்ணெயிட்டுத் துடைப்பவர்கள் காம்பைத் தொடுவதில்லை. வாள் வைத்திருக்கும் எல்லாருக்கும் இது தெரியும். அருங்காட்சியகத்துக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

3. வரும் வசந்தத்தில் அதை டோக்கியோ வல்லுநர் குழுவிடம் கொண்டுபோக என் தந்தை முடிவு செய்திருந்தார். பல ஆண்டுகள் தள்ளிப்போட்டவர் அவர். "பொய்யின்னு சொல்லிட்டா, அப்புறம் ஞாயித்துக்கிழமை எதை எடுத்து வச்சுப் பாக்குறது?" என்பார். இவ்வாண்டுதான் துணிந்தார். அந்த நேரத்தில், கலாசார தினக் கண்காட்சிக்கு வாளை இரவல் கேட்டுக் கலாசாரப் பிரிவின் துணை மேலாளர் திரு. கவாசுமி வீட்டுக்கு வந்தார். தந்தை மறுக்கவில்லை. தம் பேருந்தில் ஏறியவர்களெல்லாம் வந்து பார்ப்பார்கள் என்று மகிழ்ந்தார்.

4. சுவரொட்டிக்குப் படம் எடுத்தபோது காம்பிலுள்ள பெயர் தெளிவாக விழவில்லை. திரு. கவாசுமி தற்காலிகப் பணியாளர் திருமதி ஷிரோதாவைக் கூப்பிட்டு, "மேயர் வர்றாரு, பேரு பளிச்சுன்னு தெரியணும். நல்லாத் தேய்ச்சு விடும்மா" என்றிருக்கிறார். "சார், வீட்டுக்காரரை ஒரு வார்த்தை கேட்டுடலாமே" என்று அவர் தயங்கியதற்கு, "அழுக்கை எடுக்கறதுக்கெல்லாம் அனுமதியா? கேட்டா சிரிப்பாங்க" என்பதே பதில். திருமதி ஷிரோதாவே இதை எங்களிடம் வந்து சொன்னார்.

5. திறப்பு விழாவுக்கு என் தந்தை தம் ஒரே நல்ல கோட்டை அணிந்து வந்தார். வரிசையில் நின்று கண்ணாடிப் பெட்டியை அடைந்தார். காம்பு புதுக் கரண்டிபோல் மின்னியது. மேயர் அவர் கையைக் குலுக்கி, "எவ்வளவு சுத்தமா வச்சிருக்கீங்க, நகானே ஐயா!" என்று பாராட்டினார். தந்தை குனிந்து வணங்கினார். அந்த வணக்கத்தை நினைத்தால் எனக்கு இன்னும் உடம்பு கூசுகிறது.

6. பிறகு தங்கள் அலுவலகத்திலிருந்து வந்த கடிதம், நடந்ததைத் "தற்காலிகப் பணியாளரின் கவனக்குறைவு" என்றது. திருமதி ஷிரோதாவின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது என்று கேள்விப்படுகிறேன். சொன்னவருக்கு ஒன்றுமில்லை, சொன்னதைச் செய்தவருக்கு வேலையில்லை.

7. சென்ற வாரம் திரு. கவாசுமி இனிப்புப் பெட்டியோடு வந்தார். மருந்திட்டுத் துருவை வரவழைக்கும் ஆள் இந்த வெள்ளிக்கிழமை அருங்காட்சியகத்துக்கு வருகிறாராம். சம்மதப் பத்திரத்தில் தந்தையின் முத்திரை வேண்டுமாம். தந்தை கேட்டார்: "எத்தனை வருசத்துத் துரு போடுவீங்க? அறுநூறா, நூறா?" திரு. கவாசுமி சிரித்தபடி, "உங்களுக்கு எவ்வளவு வேணுமோ அவ்வளவு போட்டுடலாம்ங்க" என்றார். "அதைத் தெரிஞ்சுக்கத்தானே தம்பி, டோக்கியோ போறதா இருந்தேன்" என்று சொல்லிவிட்டுத் தந்தை உள்ளே போய்விட்டார். முத்திரை இடவில்லை. இனிப்பை நாங்கள் பிரிக்கவில்லை.

8. டோக்கியோவுக்குத் தொலைபேசியில் கேட்டேன். காம்பு அந்நிலையில் இருந்தால் கருத்துச் சொல்ல இயலாது என்றார்கள். ஐயா, அந்தப் பெயர் உண்மையாக இருந்திருக்கலாம்; பொய்யாகவும் இருந்திருக்கலாம். எது வந்தாலும் தாங்கிக்கொள்ள அவர் ஒருவழியாகத் தயாராகியிருந்தார்.

ஆகவே, செயற்கைத் துரு ஏற்றும் வேலையைத் தாங்கள் உடனே நிறுத்துமாறு வேண்டுகிறேன். யார் சொல்லி இது நடந்தது என்பதைப் பதிவேட்டில் உள்ளபடி எழுதி, திருமதி ஷிரோதாவின் வேலையைக் காக்க வேண்டும். வாளை இப்போதிருக்கும் கோலத்திலேயே திருப்பித் தர வேண்டும். இழப்பீடு கேட்கவில்லை.

வியாழக்கிழமை நான் விடுப்பு எடுத்திருக்கிறேன். அருங்காட்சியகம் திறக்கும்போது வாசலில் நிற்பேன். தந்தையும் வருகிறார். இனிமேல் படிகிற துருவாவது தானாகப் படியட்டும் என்கிறார். அது படிந்து கறுப்பதைப் பார்க்க அவர் இருக்கமாட்டார் என்பது அவருக்கும் தெரியும்.

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்) நகானே மிசுஹோ

இடம்: ஹமாசே
நாள்: ரெய்வா ஆறாம் ஆண்டு (2024), நவம்பர் 19