இரண்டு பெயரோடு வாழ்ந்த அப்பாவுக்கு

நான் பாதி சொல்லும்போதே மீதியைப் புரிந்துகொள்கிற அப்பாவுக்கு,

முதலில் என் கண்ணில் பட்டது காலண்டர்தான். போன செவ்வாய்க்கிழமை காலையில் அம்மா நடுச்சுவரிலிருந்த சிலுவையைக் கழற்றிவிட்டு, அதே ஆணியில் மளிகைக் கடை முருகன் காலண்டரை மாட்டியிருந்தாள். காலண்டர் சின்னது. புகை படிந்த சுவரில் சிலுவை இருந்த இடம் மட்டும் வெளுப்பாக, முருகனுக்கு இரண்டு பக்கமும் விரல் நீளத்துக்கு நீட்டிக்கொண்டிருந்தது. அம்மா அதைக் கவனிக்கவில்லை. நான் சொல்வதற்குள் வாசலில் வண்டி வந்து நின்றுவிட்டது. நான் ஓடிப் போய் அந்தச் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டேன்.

வந்தவர் வருவாய்த் துறை ஆர்.ஐ. நம் சாதிச் சான்றிதழ் உண்மையா, நாம் இந்துதானா என்று வீட்டைப் பார்த்து எழுதிக்கொண்டு போக வந்திருந்தார்.

உங்களுக்கு முதலிலிருந்து சொல்ல வேண்டும். நீங்கள் போய் ஒன்றரை வருடம் ஆகிறது. ரெக்கார்டு ரூமில் பழைய கட்டுகளைத் தூக்கி அடுக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள், அவ்வளவுதான் என்றார்கள். உங்கள் இடத்தில், கருணை அடிப்படையில், அக்காவுக்கு வேலை கிடைத்தது. ஆர்டர் வந்த அன்றைக்கு அம்மா அதை உங்கள் போட்டோவுக்கு முன்னால் வைத்து அழுதாள். அக்கா வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அதற்குள் யாரோ மொட்டை மனு போட்டுவிட்டார்கள்.

நீங்கள் கிறிஸ்தவராம். கிறிஸ்தவருக்கு எஸ்.சி. சான்றிதழ் செல்லாதாம். பொய்ச் சான்றிதழில் வேலைக்குச் சேர்ந்து, பொய்ச் சான்றிதழில் பதவி உயர்வு வாங்கினீர்களாம். இப்போது மகளும் அதே பொய்யில் வந்து உட்கார்ந்திருக்கிறாளாம். மனு நிரூபணமானால் அக்காவின் வேலை போய்விடும். அம்மாவுக்கு வரும் பென்ஷனும் நின்றுபோகலாம் என்று ஆபீசில் ஒருவர் அக்காவிடம் சொல்லியிருக்கிறார்.

யார் கையில் சிக்குமோ என்று இந்தக் கடிதத்தில் உங்கள் பெயரை நான் எழுதப் போவதில்லை. ஊர்ப் பெயரும் இல்லை. புதுக்கோட்டைப் பக்கம் மாதா கோயில் உள்ள ஊர்கள் எத்தனையோ இருக்கின்றன, அதில் ஒன்று என்று படிக்கிறவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். பெற்ற அப்பாவின் பெயரைக்கூட எழுத முடியாமல் ஒரு கடிதம். அதுவும் உங்களுக்கு இரண்டு பெயர் இருந்தும்.

பள்ளிக்கூடத்தில் தாத்தா சொன்ன பெயர் ஒன்று. ஞானஸ்நானத்தில் ஃபாதர் வைத்த பெயர் ஒன்று. நான் சின்னதில் கேட்டபோது நீங்கள் சிரித்துக்கொண்டே சொன்னது ஞாபகம் இருக்கிறது: "காயிதத்துல ஒரு பேரு, கோயில்ல ஒரு பேரு. ரெண்டு பேருக்கும் வயிறு ஒண்ணுதாம்மா." அன்றைக்கு நானும் சிரித்தேன். அதற்குள் எவ்வளவு பயம் இருந்தது என்று இப்போதுதான் தெரிகிறது. ஆபீசுக்குப் போகும்போது செபமாலையைக் கழுத்தில் போடாமல் டிபன் பைக்குள் மடித்து வைப்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பின்வாசல் வழியாக வந்து பின்னாலேயே நிற்பீர்கள். பின்னால் நிற்பதுதான் நம் தெருவுக்குப் பழக்கம் என்பதால் யாரும் வித்தியாசமாகப் பார்க்கவில்லை.

பியூனாக இருந்து ரெக்கார்டு கிளார்க் ஆனபோது நீங்கள் ஆபீசுக்கு ஸ்வீட் வாங்கிக்கொண்டு போனீர்கள். ஒருவர் ஸ்வீட்டை எடுத்துக்கொண்டே, "ஒங்க ஆளுகளுக்கு என்னப்பா, நாங்க படி ஏறணும், நீங்க லிஃப்டுல வந்துருவீங்க" என்றாராம். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னீர்கள். "நீ என்ன சொன்ன?" என்று அம்மா கேட்டாள். "இன்னொண்ணு எடுத்துக்கங்க சார்னு சொன்னேன்" என்றீர்கள். பதினெட்டு வருடம் டீ வாங்கிக் கொடுத்தது எந்தப் படிக்கட்டில் சேரும், அப்பா?

இனி நான் செய்ததைச் சொல்கிறேன். உங்களிடம் மட்டும்தான் முழுதாகச் சொல்ல முடியும்.

பதினொன்றாம் வகுப்புக்கு நான் பத்து நாள்தான் போனேன். ஏன் நின்றேன் என்று நீங்கள் எத்தனையோ தடவை கேட்டீர்கள், நான் வாயைத் திறக்கவில்லை. உதவித்தொகைக்கு எஸ்.சி. பிள்ளைகளை எழுந்து நிற்கச் சொன்னார்கள். நின்றேன். என் கழுத்தைப் பார்த்துவிட்டு, "மாதா டாலர் போட்டிருக்க, ஒனக்கு எதுக்கு இது?" என்று மிஸ் கேட்டார்கள். வகுப்பே திரும்பிப் பார்த்தது. உட்காருவதா நிற்பதா என்று தெரியவில்லை. மறுநாளிலிருந்து போகவில்லை. அப்புறம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஃப்ளெக்ஸ் கடையில் சேர்ந்தேன். கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்தால் யாரிடமும் பேச வேண்டியதில்லை.

நீங்கள் இறந்தபோது நான் சேர்ந்து இரண்டு மாதம். கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸுக்கு மாமா காசு கொடுத்தார். அடித்தது நான். மற்றவர்களுக்கெல்லாம் அடித்துக் கொடுத்த கை, அப்பாவுக்கு ஒழுங்காகச் செய்ய வேண்டாமா என்று நினைத்தேன். உங்கள் காகிதப் பெயரைப் போட்டேன். அது யாரோ மாதிரி இருந்தது. பக்கத்திலேயே உங்கள் கோயில் பெயரையும் போட்டேன். மேலே சிலுவை வைத்தேன். சின்னதாகத் தெரிந்தது, இழுத்துப் பெரிதாக்கினேன். நீங்கள் வாழ்நாள் முழுக்கப் பைக்குள் மடித்து வைத்திருந்ததை நான் எட்டடி அகலத்துக்கு ரோட்டில் கட்ட விட்டேன். அதை யாரோ போட்டோ எடுத்து, ஒன்றரை வருடம் செல்லில் பத்திரமாக வைத்திருந்து, மனுவோடு சேர்த்துக் கொடுத்திருக்கிறார்கள்.

மனு வந்ததிலிருந்து அம்மா மாமாவைத்தான் திட்டிக்கொண்டிருந்தாள். "படிக்கத் தெரியாதவன் எதுக்குடா அதக் கட்டுன?" என்று. மாமா பேசாமல் கேட்டுக்கொண்டார். கடைக்காரர் அடித்தது என்றுதான் வீட்டில் நினைத்திருந்தார்கள்; நானும் பேசாமல்தான் இருந்தேன்.

ஆர்.ஐ. நாற்காலியில் உட்கார்ந்தார். ஆபீஸ் ஆட்கள் வந்தால் நம் வீட்டில் டம்ளர் எடுப்பதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். மாமா கடைக்குப் போய் மூடி திறக்காத கலர் பாட்டில் வாங்கிவந்தார். ஆர்.ஐ. தன் கையாலேயே திறந்து, அண்ணாந்து குடித்தார். குடித்து முடித்து வாயைத் துடைத்துக்கொண்டு, "நீங்க எஸ்.சி.தானாம்மா?" என்று கேட்டார்.

எனக்கு அந்தப் பாட்டிலைக் காட்டத் தோன்றியது.

"கோயிலுக்குப் போவீங்களாம்மா?"

"எந்தக் கோயிலுக்குங்க?" என்றாள் அம்மா.

"மாரியம்மன் கோயிலுக்குத்தான்."

"போவோங்க. உள்ள விட மாட்டாக. அங்கிட்டே நின்னு கும்புட்டுட்டு வந்துருவோம்."

அவர் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி, "இத எப்புடிம்மா நான் எழுதுறது?" என்றார். பிறகு, 'கோயிலுக்குச் செல்பவர்' என்று மட்டும் எழுதிக்கொண்டார்.

அப்புறம் செல்லை எடுத்து ஃப்ளெக்ஸ் போட்டோவைக் காட்டினார். "சிலுவை போட்டிருக்கு. ரெண்டு பேரு போட்டிருக்கு. யாரு குடுத்தது?"

"காசு நாந்தாங்க குடுத்தேன்" என்றார் மாமா. "எழுத்துக் கூட்டக்கூடத் தெரியாதுங்க. கடையில போட்டுக் குடுத்தத கட்டுனேன்."

"அப்ப கடைக்காரரக் கூப்புட்டு விசாரிக்கணும்."

"நாந்தான் சார்" என்றேன்.

எல்லாரும் திரும்பினார்கள். பள்ளிக்கூடத்தில் திரும்பின மாதிரியே. ஆனால் இந்தத் தடவை என்னால் சுவரை விட்டு நகர முடியாது.

"நாந்தான் அடிச்சேன் சார். கடையில பழைய டிசைன் இருக்கும், பேரையும் போட்டோவையும் மட்டும் மாத்துவோம். அது ஒரு கிறிஸ்டியன் வீட்டுக்குப் போட்டது. நான் அப்ப புதுசு. அவுங்க வீட்டு ஆள் பேரையும் சிலுவையையும் எடுக்காம விட்டுட்டேன்."

"அப்ப ஒங்கப்பா கிறிஸ்டியன் இல்லியா?"

"இல்ல சார்."

"பூசைக்குப் போனதே இல்லியா?"

"நான் பாத்ததில்ல சார்."

என் வாழ்க்கையில் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியது அன்றைக்குத்தான். எழுதிக் காட்டினார், கையெழுத்துப் போட்டேன். கையெழுத்து எப்போதும்போல அழகாகவே விழுந்தது. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

ஆர்.ஐ. எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார். "நாளைக்குக் காலைல வி.ஏ.ஓ. சுடுகாட்டுக்கு வந்து, பொதைச்ச எடத்த போட்டோ எடுப்பாரு" என்றார். சொல்லிவிட்டுத் திரும்பி என்னைப் பார்த்தார். வேலையாகச் சொன்னாரா, எனக்காகச் சொன்னாரா?

அவர் போனதும் மாமாதான் முதலில் பேசினார். "ஒரு மாசமா ஒங்காத்தாட்ட நான் வாங்குன பேச்சுக்கு எனக்கு யாரு ஃப்ளெக்ஸ் அடிக்கிறது?" யாரும் சிரிக்கவில்லை. அக்கா என் பக்கத்தில் வந்து, "ஏன்டி அன்னைக்கே சொல்லல?" என்று மட்டும் கேட்டாள். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, "பெத்த அப்பன இல்லேன்னு சொல்ல எப்புடிடி ஒனக்கு வாய் வந்துச்சு?" என்றாள். பிறகு அவளே, "சொல்லலேன்னா என்ன ஆகும்?" என்றாள். பிறகு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அப்பா, வேலைக்கும் பதவிக்கும் எதற்கு இன்னும் சாதி, திறமையைப் பாருங்கள் என்று கடைக்கு வருகிறவர்கள் பேசுவார்கள். நான் தலை குனிந்து டைப் அடித்துக்கொண்டிருப்பேன். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. சாதி எதற்கும் கணக்கில் வராத நாள் வந்தால் முதலில் சந்தோஷப்படுவது நாம்தான். ஆனால் ஓட்டுக் கேட்டு வருகிறவர் நம் தெரு முனையில் இறங்காமலே, "இது அந்த ஆளுக ஓட்டுதான்" என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொன்னதை நான் கேட்டேன். அப்போது சுவரில் என்ன மாட்டியிருக்கிறது என்று யாரும் வீட்டுக்குள் வந்து பார்க்கவில்லை. மாதா சப்பரம் நம் தெருவுக்குள் வராது. மாதா கோயிலுக்குப் பின்னால் இருக்கிற கல்லறைத் தோட்டத்தில் நமக்கு இடம் இல்லை. கோயிலுக்குள் நம் சாதி தெரிகிறது, ஆபீசுக்குள் நம் சாமி தெரிகிறது. சாமி மாறினால் சாதியும் மாறிவிட்டது என்று சட்டம் சொல்கிறதே, அதை முதலில் ஊருக்குச் சொல்லக் கூடாதா?

ஒன்று சொல்லட்டுமா. அந்தக் கல்லறைத் தோட்டத்தில் விடாததால்தான் உங்களை நம் தெருக்காரர்களின் பொதுச் சுடுகாட்டில் புதைத்தோம். அங்கே புதைத்த மேடுகளில் பாதியில் சிலுவை இருக்கும், பாதியில் இருக்காது. கோயில் நம்மைத் தள்ளி வைத்ததுதான் இப்போது அக்காவின் வேலைக்குச் சாட்சி. இதற்கு நான் சந்தோஷப்பட வேண்டுமா?

இனி வருகிற கல்லறைத் திருநாளுக்கு நாங்கள் மெழுகுவர்த்தியோடு வர மாட்டோம். காத்திருக்காதீர்கள். அக்கா ரிட்டயர் ஆகும் நாளில் எனக்கு ஐம்பத்து மூன்று வயதாகியிருக்கும். அன்றைக்கு நான் வருவேன். உங்கள் கோயில் பெயரைக் கல்லில் வெட்டி, என் கையாலேயே உங்கள் தலைமாட்டில் வைப்பேன். இது சத்தியம்.

ஆர்.ஐ. வந்துபோன அன்று மத்தியானம், கடைக்குப் போகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுச் சுடுகாட்டுக்கு வந்தேன். வெயிலில் ஒருவரும் இல்லை. மாமா நட்ட மரச்சிலுவை ஆழமாக இறங்கியிருந்தது. முட்டி போட்டு, இரண்டு பக்கமும் ஆட்டி ஆட்டிப் பிடுங்கினேன். குழியை மண் தள்ளி மூடினேன். மண் ஈரமாகத் தெரிந்ததால், அது மற்ற மண் மாதிரி வெளுக்கும் வரைக்கும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

உங்கள் சின்ன மகள்